வழியில் ஒரு நாள் தஞ்சையில்

வேளாங்கண்ணிக்குச் செல்லும் திருப்பயணிகளுள் பெரும்பாலோர் தஞ்சையைப் பேருந்தின் சன்னல் வழியாகவே கண்டவர்கள். பல்லாண்டுகள் நானும் அப்படித்தான். ஒருமுறை எங்கள் பங்கிலிருந்து சென்ற குழு பெரிய கோயிலுக்கென அரைமணி நேரம் ஒதுக்கியது. போய்ச் சேர்ந்தபோது பிற்பகல் ஒரு மணி; கதவு சாத்தியிருந்தது. வெளியில் நின்று விமானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, மோர் குடித்துத் திரும்பினோம்.

ஆகவே முதல் அறிவுரை: தஞ்சைக்கென ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். சம்பா அறுவடை நடக்கும் தை மாதம் ஏற்றது. முன்னிரவே வந்து தங்கி, காலை ஆறு மணிக்குக் கோயில் வாயிலில் நில்லுங்கள். வெயில் ஏறினால் வெறுங்காலுடன் கற்றளத்தில் நடக்க இயலாது. விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று யாராவது சொன்னால் வாதிட வேண்டாம். இளவெயிலில் நிழலைக் கண்ணாலேயே காணலாம்.

1010-இல் முதலாம் இராசராசன் கட்டி முடித்த இக்கோயிலில் பலரும் உயரத்தையே பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது அடித்தளம். தான் கொடுத்தவை, தமக்கை குந்தவை கொடுத்தவை, அரசியர் கொடுத்தவை, பிறர் கொடுத்தவை ஆகிய அனைத்தையும் கல்லில் வெட்டுமாறு மன்னன் ஆணையிட்டான். பல ஊர்க் கோயில்களிலிருந்து வரவழைக்கப்பட்ட நானூறு தளிச்சேரிப் பெண்டிரின் பெயர்கள், அவரவர் குடியிருந்த தெருச் சிறகு, ஆளுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்பனவெல்லாம் அங்கே உள்ளன. அவர்கள் விரும்பி வந்தார்களா என்று கல் கூறவில்லை. ஆயினும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த எளிய பெண்களின் பெயர்கள் இவ்வளவு நிறைவாக வேறெங்கு எஞ்சியுள்ளன? வேற்றுச் சமயத்தாரின் வழிபாட்டிடத்தில் நாம் விருந்தினர் என்ற பணிவோடு சென்றால் தயங்க ஒன்றுமில்லை.

அடுத்து அரண்மனை. அங்குள்ள சரசுவதி மகால் நூலகம் நாயக்கர் காலத்தில் தோன்றி, இரண்டாம் சரபோசி மன்னரால் (1798–1832) பெருகியது. 1820-களின் தொடக்கத்தில் காசிக்குத் திருப்பயணம் சென்ற அம்மன்னர், திரும்பும்போது சுவடிகளைக் கொண்டுவந்தார். நாம் திருத்தலங்களிலிருந்து கொண்டுவருவனவற்றை நினைத்துச் சற்றே நாணினேன்.

சரபோசியின் ஆசான் சுவார்ட்சு ஐயர். சிவகங்கைப் பூங்காவை ஒட்டி 1779-இல் அவர் கட்டிய ஆலயத்தை நம்மவர் தவறவிடுவது ஏனோ? நம் சபையினர் அல்லர் என்பதாலா? 1781-இல் ஐதர் அலியின் படையெடுப்பால் காவிரி நாடு பாழானபோது, உழவர்கள் அரசின் வாக்கை நம்பவில்லை. ஐயர் உறுதி கூறிய பின்னரே தானியமும் வந்தது, ஏரும் நிலத்தில் இறங்கியது. ஆலயத்தினுள் சிற்பி பிளாக்சுமன் வடித்த சலவைக்கல் சிற்பம் உண்டு: மரணப் படுக்கையில் ஆசான், அருகே அவர் கையைப் பற்றி நிற்கும் மாணவ மன்னர். சரபோசி கடைசிவரை தம் சமயத்திலேயே இருந்தார்; இச்சிற்பத்தை இலண்டனில் செய்வித்து வரவழைத்தவரும் அவரே. 1798-இல் ஐயர் மறைந்தபோது மன்னருக்கு வயது இருபதை ஒட்டியே இருக்கும். அச்சிற்பத்தின் முன் நான் நெடுநேரம் நின்றேன். கதவு பூட்டியிருந்தால் காவலரைத் தேடிக் கேளுங்கள், பார்க்காமல் திரும்பாதீர்கள்.

பிற்பகல் எஞ்சினால் இரு வழிகள் உள. திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் சென்றால் பூண்டி மாதா பேராலயம். வடக்கே அரியலூர்ச் சாலையில் சென்றால், வீரமாமுனிவர் வாழ்ந்து திருக்காவலூர் எனப் பெயரிட்ட ஏலாக்குறிச்சி. சிறுவர்கள் உடன் வந்தால் இரண்டாம் வழியே நன்று. வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி எனப் பாலங்களை எண்ணச் சொல்லுங்கள். ஐந்தாவது முடிந்ததும் திருவையாறு வரும். ஊர்ப்பெயரின் பொருளை அவர்களே சொல்லிவிடுவார்கள். ஆறாவது கொள்ளிடம். அதைக் கடந்தால் திருமானூர். ஏலாக்குறிச்சிக்கு அங்கே வழி கேட்டுக்கொள்ளலாம்.