தாதர் கண்ட மின்சார வண்டி

மத்திய இரயில்வேயும் மேற்கு இரயில்வேயும் அருகருகே அமைந்த தாதர் நிலையத்தில் நாள்தோறும் ஏறி இறங்கும் தமிழர் பல்லாயிரவர். நம் வாழ்வோடு பிணைந்துவிட்ட மின்சார வண்டியின் வரலாற்றை, இரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்க்கும் நாம் சங்கத்து அன்பர்களுக்குச் சுருங்க எடுத்துரைக்க விழைகின்றோம்.

பழைய முறையில் ஓர் எஞ்சினே எல்லாப் பெட்டிகளையும் இழுக்கும். சக்கரம் வழுக்காதிருக்க எஞ்சின் கனமாக இருத்தல் வேண்டும். கடைசி நிலையத்தில் அதனைக் கழற்றி மறுமுனையில் பூட்டவும் வேண்டும். 1897-இல் பிராங்க் ஸ்பிராக் என்னும் அமெரிக்கர் சிகாகோ நகரில் இதற்கு மாற்றுக் கண்டார். பெட்டிகளிலேயே மோட்டார்களைப் பொருத்தி, அனைத்தையும் ஒரே ஓட்டுநர் ஒரே கைப்பிடியால் இயக்குமாறு அமைத்தார். யானை ஒன்று இழுப்பதற்கு மாறாக, ஊர் கூடித் தேர் இழுப்பது போன்றது இம்முறை. வண்டி விரைவாகப் புறப்படும். அடிக்கடி நிற்கும் வழித்தடத்துக்கு இதுவே ஏற்றது.

அமெரிக்காவில் ஊருக்கு ஊர் ஓடிய மின்சார வண்டிகள் பின்னர் எடை குறைந்து வேகம் மிகுந்தன. ஓகாயோ மாநிலத்தில் 1930-இல் ஓடத் தொடங்கிய 'சிவப்புப் பிசாசு' என்னும் இலேசான வண்டி, விமானத்தோடு பந்தயம் ஓடிப் புகழ்பெற்றது. 1931-இல் பிலடெல்பியாவுக்கு அருகே வந்த 'புல்லட்' வண்டிகள் 1990 வரை உழைத்தன. ஆயினும் மோட்டார் கார் பெருகவே, சிவப்புப் பிசாசின் பாதை 1939-இல் மூடப்பட்டது. அங்கே வேகம் இருந்தது. ஏறுவதற்கு ஆள் இல்லை.

நம் நகரின் கதை இதற்கு நேர்மாறானது. இந்தியாவின் முதல் மின்சார வண்டி 1925 பிப்ரவரி 3-இல் பம்பாய் விக்டோரியா நிலையத்திலிருந்து குர்லாவுக்கு ஓடிற்று. 1928-இல் கொலாபா – போரிவிலி வழியும், 1931-இல் சென்னைக் கடற்கரை – தாம்பரம் வழியும் மின்மயமாயின. மாதுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் குடியிருந்து, கோட்டைப் பகுதியில் வேலை பார்க்க நம்மவர்க்கு இயன்றது இவ்வண்டியால் அன்றோ! தொடக்கத்தில் 1,500 வோல்ட் நேர் மின்சாரத்தில் ஓடிய இந்நகரப் பாதைகள், 2016-க்குள் 25,000 வோல்ட் மாறு மின்சாரத்துக்கு மாறின.

தொலைதூர வண்டிகளோ நெடுங்காலம் எஞ்சினையே நம்பியிருந்தன. 37 அடிக்கு ஓரடி உயரும் போர்காட் மலைப்பாதையில் பின்னிருந்து தள்ளத் துணை எஞ்சின்களும் வேண்டியிருந்தன. 2023 பிப்ரவரி 10-இல் தொடங்கிய சோலாப்பூர் வந்தே பாரத் வண்டி, தாதரில் நின்று, துணை எஞ்சின் இன்றி அம்மலையை ஏறிச் செல்கின்றது. தொடங்கியபோது அதன் பதினாறு பெட்டிகளில் எட்டில் மோட்டார் இருந்தது. ஸ்பிராக் கண்ட அதே முறைதான்! அதனைக் கட்டியது சென்னைப் பெரம்பூர்த் தொழிற்சாலை என்பது நமக்குப் பெருமையன்றோ!

எனினும் பெருமையோடு அமைந்துவிடலாகாது. 2025 ஜூன் 9-இல் மும்ப்ராவுக்கு அருகே, நெரிசலால் வாயிலில் தொங்கிச் சென்றோர் விழுந்து மாண்டனர். தாமே மூடும் கதவுகளுடன் குளிர்சாதன உள்ளூர் வண்டி 2017-இலேயே வந்துவிட்டது. அக்காப்பு, குறைந்த கட்டணத்தில் செல்லும் ஏழைத் தொழிலாளிக்கும் கிட்டுதல் வேண்டும். விரைந்து செல்வது நன்று. வீடு வந்து சேர்வது அதனினும் நன்று.