மிதவையிலிருந்து மாளிகாவத்தை வரை

மாளிகாவத்தையில் மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் அடிப்பவரைக் கேட்டால், கொலன்னாவைத் தாங்கிகளிலிருந்து பவுசரில் வந்தது என்பார். அதற்கு முந்திய கதையை யாரும் கேட்பதில்லை. இலங்கையின் பெற்றோலில் ஒரு பகுதி சுத்திகரிக்கப்பட்டே கப்பலேறி வருகிறது. மற்றப் பகுதி மசகு எண்ணெயாக வந்து சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு நிலையத்தில் பிரிக்கப்படுகிறது. நான் பின்தொடரப் போவது இந்த இரண்டாவது வகையை.

மசகு எண்ணெய்க் கப்பல் துறைமுகத்துக்குள் நுழைந்து ஜெட்டியில் கட்டுவதில்லை. கொழும்புக்கு வெளியே, திறந்த கடலில், ஆளில்லாமல் மிதக்கும் ஒரு பெரிய இரும்பு மிதவைக்குத்தான் வருகிறது. மிதவையைச் சுற்றிப் பல திசைகளிலும் கனத்த சங்கிலிகள் இறங்கிக் கடலடியில் நங்கூரங்களைப் பிடித்திருக்கும். மேலே சுழலும் தட்டு. அதில் கப்பலின் முன்பக்கத்தை மட்டும் கட்டுவார்கள். காற்றும் நீரோட்டமும் மாற மாற, முளையில் கட்டிய மாடு போலக் கப்பல் மிதவையைச் சுற்றித் திரும்பிக்கொண்டிருக்கும்.

கட்டும் வேலையைக் கிட்ட நின்று பார்த்தால்தான் அதன் ஆபத்து புரியும். சிறு படகொன்று மிதக்கும் கயிற்று நுனியைக் கப்பலுக்குக் கொடுக்கும். அதை இழுக்க இழுக்கப் பின்னால் மிகப் பருமனான நைலோன் வடம் வரும். அதன் நுனியில் உராய்வைத் தாங்க ஒரு சங்கிலித் துண்டு. உலக வழக்கப்படி அந்தச் சங்கிலியின் தடிப்பு 76 மில்லிமீற்றர். கப்பலின் முன்தளத்திலுள்ள பிடியில் அது விழுந்து பூட்டியதும் கட்டு முடிந்தது. பிறகு கடலில் மிதக்கும் இறப்பர்க் குழாயைத் தூக்கிக் கப்பலின் நடுவில் பொருத்துவார்கள். எண்ணெய் அதன் வழியே மிதவைக்குப் போய், அங்கிருந்து கடலடிக் குழாயில் இறங்கி, கரையேறி, ஒருகொடவத்தைத் தாங்கிகளில் தங்கி, சப்புகஸ்கந்தவுக்குப் போகும்.

எண்ணெய் ஓடும் நேரம் முழுவதும் முன்தளத்தில் ஒருவர் வோக்கி டோக்கியுடன் வடத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பின்பக்கம் ஓர் இழுவைப் படகு கப்பலை மெல்ல இழுத்துப் பிடித்திருக்கும். காற்று ஓய்ந்தால் கப்பல் முன்னே நகர்ந்து மிதவையை மோதிவிடும் என்ற பயம்.

வடம் அறுந்தால்? அவசரத் திட்டம் என்பது இந்தக் கேள்விக்கு முன்கூட்டியே எழுதி வைத்த பதில்தான். முதலில் கப்பலின் பம்பை நிறுத்து, பிறகு வால்வுகளை மூடு, குழாயைக் கழற்று, எஞ்சினைத் தயாராக்கு. மனிதர் பிந்தினாலும் காப்பாற்றுவதற்கு ஒரு கருவி உண்டு. குழாய் வரிசையின் இடையில் வைக்கப்படும் அந்த இணைப்பு, அளவுக்கு மீறி இழுபட்டால் தானே பிரிந்து இரு முனைகளையும் அடைத்துக்கொள்ளும். ஆனால் திட்டத்தின் மிக முக்கியமான வரி எந்தக் கருவியையும் பற்றியது அல்ல. அலை எந்த உயரம் வந்தால் வேலையை விட்டுக் கப்பல் வெளியேற வேண்டும் என்பதே அது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கொழும்பு மிதவையில் கப்பல் கட்ட முடியாமல் காத்திருப்பது வழமை. நாட்டில் எண்ணெய்க்குத் தட்டுப்பாடு வரும்போது அந்த வரியை மீறச் சொல்லி அழுத்தம் வரும். அப்போதும் "முடியாது" என்று சொல்ல அதிகாரமுள்ள ஒருவர் இருக்க வேண்டும்.

மிதவையைப் பிடித்திருக்கும் சங்கிலி இரும்புதானே, என்ன ஆகும் என்று நினைப்பவர்களுக்கு அங்கோலாவின் கிராசோல் எண்ணெய்வயலை நினைவூட்டலாம். அங்கே ஆழ்கடல் மிதவையின் சங்கிலிகள் 2002இல், வேலை தொடங்கி எட்டு மாதங்களுக்குள் அறுந்தன. மேல்முனைக் கண்ணிகள் இழுபடுவதோடு பக்கவாட்டில் வளையவும் செய்யும் என்பதை வடிவமைத்தவர்கள் கணக்கில் எடுத்திருக்கவில்லை. 2011 பெப்ரவரியில் வட கடலின் கிரைஃபன் அல்ஃபா என்ற மிதக்கும் உற்பத்திக் கப்பலில், பத்துச் சங்கிலிகளில் நான்கு ஒரே புயலில் போயின.

நமக்குக் கிட்டிய பாடம் 2021 மே 17. டவ்-தே புயலில் மும்பைக்கு அப்பால் பி-305 என்ற தங்குமிடப் பார்ஜின் நங்கூரங்கள் விட்டுப்போயின. எண்ணெய்வயல் தொழிலாளர் உட்பட 261 பேர் அதில் இருந்தனர். பார்ஜ் அடித்துச் செல்லப்பட்டு மூழ்கியது. எழுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். புயல் எச்சரிக்கை முன்னரே வந்திருந்தது. மூன்று நாள் கழித்து, மே 20இல், கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்ற கொள்கலன் கப்பல் தீப்பற்றியது. ஒரே வாரத்தில் இரண்டு பேரழிவுகள்.

கசிவுக்கு முதலில் முகம்கொடுப்பவர்கள் மீனவர்கள். 2018 செப்டம்பரில் முத்துராஜவெல முனையத்துக்குப் போகும் குழாயிலிருந்து எண்ணெய் கசிந்து, திக்கோவிட்டவிலிருந்து உஸ்வெட்டகெய்யாவ வரை கரை கறுத்தது. கடல்சார் சுற்றாடல் பாதுகாப்பு அதிகாரசபையிடம் தேசிய எண்ணெய்க் கசிவு அவசரத் திட்டம் இருக்கிறது. அதிகாரசபையை அமைத்த சட்டம் 2008ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கம். கடலைப் பொறுத்தவரை கடமைகள் காகிதத்திலாவது பங்கிடப்பட்டிருக்கின்றன.

கரையேறிய பின் நிலைமை வேறு. ஒருகொடவத்தைத் தாங்கிகளுக்கும் மாளிகாவத்தைத் தொடர்மாடிகளுக்கும் இடையில் பெரிய தூரம் இல்லை. கெத்தாராம மைதானத்தில் பகலிரவு கிரிக்கெட் ஆட்டம் நடக்கும் நாளில் அந்த ஒடுங்கிய வீதிகளில் அம்புலன்ஸ் நுழைவதே பாடு. 1995 ஒக்டோபர் 20இல் கொலன்னாவை, ஒருகொடவத்தைத் தாங்கிகள் விடுதலைப் புலிகளின் தாக்குதலில் எரிந்தபோது, கரும்புகை நகரத்தின் மேல் கவிந்ததைக் கண்டவர்கள் இன்னும் இந்தப் பகுதியில் இருக்கிறார்கள். அன்று வந்தது போர். நாளை வால்வில் வரும் ஒரு கோளாறும் போதும்.

2022 மார்ச்சில் மசகு எண்ணெய் இல்லாமல் சப்புகஸ்கந்த மூடப்பட்டது. ரஷ்ய மசகு எண்ணெய் ஏற்றிவந்த கப்பல் டொலருக்காகக் கடலில் ஒரு மாதத்துக்கு மேல் காத்துக் கிடந்து, மே மாதம்தான் இறக்கியது. அந்த நாட்களில் மண்ணெண்ணெய் வரிசையில் நின்ற வீடுகளுக்கு, கடலிலுள்ள அந்த மிதவை தங்கள் அடுப்போடு சம்பந்தப்பட்டது என்று தெரிந்திருக்கும். அதே வீடுகள் தாங்கியில் விபத்து நடந்தால் எந்தப் பக்கம் ஓட வேண்டும், யார் அறிவிப்பார், எந்தப் பள்ளிக்கூடம் திறந்திருக்கும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

பெற்றோலியக் கூட்டுத்தாபனமும் கொழும்பு மாநகரசபையும் இந்தக் கேள்விகளுக்கான பதிலை ஒரே தாளில், சிங்களத்திலும் தமிழிலும் அச்சிட்டு, ஒருகொடவத்தை, தெமட்டகொடை, மாளிகாவத்தை வீடுகளுக்குக் கொடுக்கட்டும். வருடத்துக்கு ஒரு முறையாவது சைரன் ஊதி ஒத்திகை பார்க்கட்டும்.