மெக்கறி வென்ற கதையும் நம் கடைப் பெயர்களும்

(தொழில் முனைவோருக்கான தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்கள் கடனைப் பற்றிக் கேட்பார்கள், வாடகையைப் பற்றிக் கேட்பார்கள், நகராண்மைக் கழக உரிமத்தைப் பற்றியும் கேட்பார்கள். கடையின் பெயரைப் பற்றிக் கேட்பவர் மிகக் குறைவு. ‘என் கடை, நான் வைத்த பெயர், அது என்னுடையதுதானே?’ என்று நினைத்துக்கொள்கிறோம். சட்டம் அவ்வளவு எளிதாக அதை ஒப்புக்கொள்வதில்லை. ஒரு பெயர் யாருக்குச் சொந்தம் என்பதை அறிய, நம் நாட்டில் ஒரு கறிக் கடை நடத்திய வழக்கின் வரலாறே நல்ல பாடம். அதற்கு முன், வணிகச் சின்னம் என்ற ஏற்பாடு நம்மிடம் எப்படி வந்தது என்று சற்றுப் பார்ப்போம்.

படம் பேசிய காலம்

அந்தக் காலத்தில் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர்ச் சந்தைகளில் மலாய்க்காரர், சீனர், தமிழர் எனப் பலரும் ஒரே இடத்தில் வாங்கி விற்றார்கள். ஆளுக்கு ஒரு மொழி. எழுத்துப் படிக்கத் தெரிந்தவர்களும் குறைவு. அதனால் வணிகர்கள் சரக்கின் மேல் யானை, புலி, சேவல் என்று ஏதாவது ஒரு படத்தைப் போட்டார்கள். வாங்குபவர் படத்தைச் சொல்லிக் கேட்டார். மலாய்க்காரர்கள் இதைச் ‘சாப்’ என்றார்கள். முத்திரை என்று பொருள்படும் இந்திச் சொல்லிலிருந்து வந்த சொல் அது. நம்மவர்கள் ‘மார்க்கு’ என்றார்கள். நம் ஜொகூரில் குளுவாங் காப்பித்தூளுக்குச் ‘சாப் டெலிவிஷன்’ என்றே ஒரு முத்திரை உண்டு. தொலைக்காட்சியில் பிழைப்பு நடத்தும் எனக்கு அந்தப் பொட்டலத்தின் மீது தனிப் பாசம்!

படம் போட்டவன் ஒருவன் இருந்தால், அதைப் பார்த்து வரைபவனும் ஒருவன் இருப்பான். அதனால்தான் பதிவேடு தேவைப்பட்டது. பிரிட்டனில் 1875ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1876 ஜனவரி 1ஆம் தேதி முதலாவதாகப் பதிவான சின்னம் பாஸ் என்னும் மது ஆலையின் சிவப்பு முக்கோணம். மலாயாக் கூட்டரசுக்கு 1950இல் வணிகச் சின்னச் சட்டம் வந்தது. தீபகற்பம், சபா, சரவாக் மூன்றுக்கும் பொதுவாக இயற்றப்பட்ட 1976ஆம் ஆண்டுச் சட்டம் 1983 செப்டம்பர் 1ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. இப்போது நடப்பில் இருப்பது 2019ஆம் ஆண்டுச் சட்டம். அது அவ்வாண்டு டிசம்பர் 27ஆம் தேதி அமலானது. பதிவேட்டைக் கவனிப்பது 2003இல் கழகமாக மாறிய மலேசிய அறிவுசார் சொத்துடைமைக் கழகம், அதாவது மைஐபிஓ.

ஜாலான் ஈப்போவில் ஓர் உணவகம்

இனி வழக்குக்கு வருவோம். 1999ஆம் ஆண்டில் கோலாலம்பூர் ஜாலான் ஈப்போவில் ‘மெக்கறி’ என்ற உணவகம் திறக்கப்பட்டது. நடத்தியவர்கள் ஓர் இந்தியத் தம்பதி. ‘மலேசியன் சிக்கன் கறி’ என்பதன் சுருக்கமே இந்தப் பெயர் என்பது அவர்களின் விளக்கம். பெயர்ப்பலகையின் பின்னணி சிவப்பு. அதில் இரண்டு கட்டைவிரல்களையும் உயர்த்திச் சிரிக்கும் ஒரு கோழியின் படம்.

மெக்டோனல்ட்ஸ் நிறுவனம் 1982 முதல் மலேசியாவில் கடை நடத்தி வந்தது. ‘மெக்’ என்று தொடங்கும் பெயர் தங்கள் நற்பெயரை எடுத்துக்கொள்வதாகக் கூறி அது 2001இல் வழக்குத் தொடுத்தது. 2006இல் உயர் நீதிமன்றம் மெக்டோனல்ட்ஸுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. உணவகத்தார் மேல்முறையீடு செய்தார்கள். 2009 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. மெக்டோனல்ட்ஸ் கூட்டரசு நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது. 2009 செப்டம்பர் 8ஆம் தேதி அந்த மனு தள்ளுபடியானது. செலவுத் தொகையாக 10,000 வெள்ளி கொடுக்கவும் உத்தரவு வந்தது.

உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. நம்மவர்களும் மகிழ்ந்தோம். யானையைப் பூனை வென்ற கதையாக இன்றும் இதைச் சொல்கிறோம். மகிழ்ச்சி நியாயமானதுதான். ஆனால் அந்தத் தீர்ப்பு என்ன சொன்னது, என்ன சொல்லவில்லை என்பதைத்தான் தொழில் செய்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

தீர்ப்பு சொன்னதும் சொல்லாததும்

இந்த வழக்குக்குச் சட்டத்தில் ‘பாசிங் ஆஃப்’ என்று பெயர். ஒருவர் தம் சரக்கை இன்னொருவரின் சரக்கு போலக் காட்டி விற்பது என்று பொருள். இதில் வெல்ல மூன்றைக் காட்ட வேண்டும். தமக்கு நற்பெயர் இருக்கிறது, எதிராளி மக்களை மயங்கச் செய்தார், அதனால் தமக்கு இழப்பு என்ற மூன்று.

மேல்முறையீட்டு நீதிமன்றம் பெயரின் முதல் எழுத்துகளை மட்டும் பார்க்கவில்லை, கடை முழுவதையும் பார்த்தது. பெயர்ப்பலகையின் தோற்றம் வேறு. இங்கே கிடைப்பது நம் நாட்டு இந்திய உணவு, அங்கே துரித உணவு. வாடிக்கையாளர்களும் வேறு. மெக்டோனல்ட்ஸ் தன் உணவு வகைகளுக்கு ‘மெக்’ சேர்த்துப் பெயர் வைக்கிறது, கறிக் கடையின் பட்டியலில் அப்படி ஒன்றும் இல்லை. ஆகவே மக்கள் மயங்க இடமில்லை, ‘மெக்’ என்ற முன்னொட்டை ஒரு நிறுவனம் மட்டும் ஏகபோகமாக வைத்துக்கொள்ளவும் முடியாது என்று தீர்ப்பு அமைந்தது.

இதிலிருந்து, பெரிய நிறுவனத்தின் பெயரில் பாதியை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று அர்த்தம் செய்துகொள்ளக் கூடாது. அதே உணவகம் பர்கர் விற்றிருந்தால், பலகையில் வளைந்த மஞ்சள் எழுத்து இருந்திருந்தால், முடிவு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். வழக்குத் தொடங்கியது 2001, முடிந்தது 2009. எட்டு ஆண்டுகள்! ஒரு சிறு கடைக்காரர் அடுப்பையும் கவனித்து, நீதிமன்றப் படியும் ஏறி இறங்கிய எட்டு ஆண்டுகள். வெற்றிச் செய்தியில் இந்தக் கணக்கு யார் கண்ணிலும் படுவதில்லை.

எஸ்எஸ்எம் பதிவு போதுமா?

நம்மில் பலர் செய்யும் தவறான கணக்கு இதுதான்: ‘நான்தான் எஸ்எஸ்எம்மில் பதிந்துவிட்டேனே!’ எஸ்எஸ்எம் பதிவு, நீங்கள் சட்டப்படி தொழில் செய்கிறீர்கள் என்பதற்குச் சான்று. அந்தப் பெயரைச் சரக்கின் மீது போட உங்களுக்கு மட்டுமே உரிமை என்று அது சொல்லவில்லை. பெயருக்கும் சின்னத்துக்கும் உரிமை தருவது மைஐபிஓ பதிவுதான்.

பதிவு செய்யாதவருக்கு ஒன்றுமே இல்லையா? உண்டு. ஒரு பெயரை முதலில் நேர்மையாகப் பயன்படுத்தியவரை நம் சட்டம் மதிக்கிறது. ஆனால் அதை அவரே நிரூபிக்க வேண்டும். முதல் ரசீது, பழைய விளம்பரம், தேதியுள்ள புகைப்படம் எல்லாவற்றையும் தேட வேண்டும். பதிவு செய்தவர் கையில் சான்றிதழ் இருக்கிறது. பழைய ரசீதுகளை நீதிமன்றத்தில் நீட்டுவதைவிட ஒரு சான்றிதழை நீட்டுவது எளிது.

பாலத்துக்கு அப்பால்

ஜொகூர்க்காரர்களுக்கு இதில் கூடுதல் கவலை ஒன்று உண்டு. ஜாலான் உங்கு புவானில் கடை வைத்திருப்பவரின் வாடிக்கையாளர்களில் சிங்கப்பூரிலிருந்து வருபவர்களும் இருக்கிறார்கள். பாலம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்தான். ஆனால் வணிகச் சின்னத்தின் உரிமை எல்லைச் சாவடியோடு நின்றுவிடும். மலேசியப் பதிவு சிங்கப்பூரில் செல்லாது, அங்குள்ள பதிவு இங்கே செல்லாது.

சிங்கப்பூர் நிறுவனமான பியூச்சர் எண்டர்பிரைசஸ் இதற்கு நல்ல உதாரணம். ‘மெக்டீ’, ‘மெக்சாக்லெட்’, ‘மெக்நூடுல்ஸ்’ சின்னங்களை மெக்டோனல்ட்ஸ் எதிர்த்தபோது, 2004இல் சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் பியூச்சர் பக்கம் நின்றது. அதே நிறுவனத்தின் ‘மெக்காபி’ ஐரோப்பாவுக்குப் போனபோது, 2016இல் ஐரோப்பிய ஒன்றியப் பொது நீதிமன்றம் மெக்டோனல்ட்ஸ் பக்கம் நின்றது. நிறுவனமும் எதிராளியும் மாறவில்லை. நாடு மாறியது, தீர்ப்பும் மாறியது.

மலேசியா 2019 டிசம்பர் 27 முதல் மாட்ரிட் நெறிமுறையில் உறுப்பியம் பெற்றிருக்கிறது. அதனால் மைஐபிஓ வழியாகவே சிங்கப்பூர் உட்பட உறுப்பு நாடுகளுக்கு விண்ணப்பிக்க முடியும். சாம்பார்ப் பொடியை அக்கரைக்கு அனுப்ப நினைப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, பெயர்ப்பலகைக்கு ஆர்டர் கொடுக்கும் முன், மைஐபிஓ இணையத்தளத்தில் அதே பெயரோ அதுபோன்ற பெயரோ இருக்கிறதா என்று தேடுங்கள். ஒலியால் ஒத்த பெயர்களையும் பாருங்கள்.

இரண்டாவது, சரக்கை வர்ணிக்கும் சொல்லையே பெயராக வைக்காதீர்கள். ‘சுவையான கறி’ என்பது எல்லாருக்கும் பொதுவான சொல், பதிவு பெறுவது கடினம். வெறும் ஊர்ப் பெயருக்கும் அதே நிலைதான்.

மூன்றாவது, வகுப்பைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். மொத்தம் 45 வகுப்புகள். உணவகச் சேவை 43, மசாலாவும் காப்பியும் 30, ஆடை 25, நகை 14. உணவகத்துக்கு மட்டும் பதிந்துவிட்டு, பிறகு அதே பெயரில் மசாலாப் பொட்டலம் போட்டால் அந்தப் பொட்டலம் பதிவுக்குள் வராது.

2019 சட்டத்தோடு வந்த பட்டியலில், முன்கூட்டியே அங்கீகரிக்கப்பட்ட சரக்கு விவரத்தைப் பயன்படுத்தினால் ஒரு வகுப்புக்கு 950 வெள்ளி, இல்லாவிட்டால் 1,100 வெள்ளி என்று கட்டணம் இருந்தது. விண்ணப்பிக்கும் நாளில் கட்டணத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம் ஏற்கப்பட்டு வெளியிடப்பட்ட பின், பிறர் எதிர்ப்புத் தெரிவிக்க இரண்டு மாதம் உண்டு. பதிவானால் விண்ணப்பித்த நாளிலிருந்து பத்து ஆண்டுப் பாதுகாப்பு, பிறகு பத்துப் பத்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். தொடர்ந்து மூன்று ஆண்டுகள் பயன்படுத்தாமல் விட்டால் பதிவை ரத்து செய்யும்படி மற்றவர்கள் கேட்க முடியும்.

புதிய சட்டத்தில் பதிவுபெற்ற சின்னம் ஒரு சொத்து. அதை விற்கலாம், பிறருக்கு உரிமம் கொடுக்கலாம், கடனுக்கு ஈடாகவும் வைக்கலாம். நிலமும் வீடும் இல்லாமல் தொழிலுக்கு வரும் நம் இளைஞர்களுக்கு இது சிறிய விஷயமல்ல.

வெள்ளம் வருமுன் அணை போடு என்பது நம் பெரியோர் வாக்கு. மெக்கறி நடத்தியவர்கள் வெள்ளம் வந்த பின் எட்டு ஆண்டுகள் நீந்திக் கரை சேர்ந்தார்கள். அவர்களின் துணிவைப் பாராட்டுவோம். ஆனால் அடுத்த கடைக்காரருக்கு நாம் கற்றுக்கொடுக்க வேண்டியது நீச்சல் அல்ல, அணை போடுவதுதான். ஐந்து ஆண்டு உழைப்பில் உங்கள் பெயருக்கு ஒரு மதிப்பு வந்துவிடும். அதைப் பார்த்துப் பிறர் ஆசைப்படுவதற்கு முன், நீங்களே உங்கள் பெயரில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.