தீப்பொறியின் வேளை

பம்பாயிலிருந்து புணே நோக்கிப் போர்காட் மலைச்சாலையில் பழைய பியட் கார் ஏறுகையில், இஞ்சினுள் கிண்கிணென்று ஓசை எழுவதுண்டு. தீப்பொறி வேளைக்கு முந்தி விழுகிறதென்று மெக்கானிக் செவியாலேயே அறிவார். டிஸ்டிரிபியூட்டரைத் தளர்த்தி, மயிரிழை திருப்பி இறுக்குவார்.

அமெரிக்கரான கெட்டரிங் வகுத்த மின்பொறி முறை 1910 ஆம் ஆண்டுக் காடிலாக் கார்களில் இடம்பெற்றது. அதன் வழிவந்த டிஸ்டிரிபியூட்டருக்குத் தொழில்கள் இரண்டு. பொறி விழும் வேளையை முடிவுசெய்தல் ஒன்று. அதனைச் சிலிண்டர்களுக்குப் பங்கிடுதல் மற்றொன்று. வேகம் மிகுந்தால் உள்ளே சுழலும் இரு எடைகள் விரிந்து பொறியை முற்படுத்தும். அழகிய ஏற்பாடே! 1961-இல் நிறுவப்பெற்ற லூகாஸ் டி.வி.எஸ். நிறுவனம் நம் சென்னையை அடுத்த பாடியில் இக்கருவியைச் செய்தது. ஆனால், எடைகளைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங்குகள் நாளடைவில் தளர்ந்துவிடும். நிமிடத்திற்கு 3,000 சுற்று வேகத்தில், கிராங்க் தண்டு ஒரு டிகிரி திரும்ப ஒரு நொடியின் 18,000-இல் ஒரு பங்கே ஆகிறது. தளர்ந்த ஸ்பிரிங்குக்கு அந்நுட்பம் ஏது?

1977-இல் ஓல்ட்ஸ்மொபீல் டொரனாடோ காரில் வேளை குறிக்கும் பொறுப்பை நுண்கணிப்பொறி ஏற்றது. டிஸ்டிரிபியூட்டரே இல்லாத மோட்டார் சைக்கிளிலும், 2003-இல், புணேயின் பஜாஜ் பல்சர் வாயிலாக அம்முறையை நாம் கண்டோம்.

பழைய காரை இவ்வாறு மாற்றுவோர் எடைகளை அசையாது பூட்டிவிடுகின்றனர். கிராங்க் தண்டில் பற்சக்கரமும் அதனருகே உணர்கருவியும் பொருத்துகின்றனர். டிஸ்டிரிபியூட்டருக்குப் பங்கீடு மட்டுமே எஞ்சும். எனினும், பொறி பாயும் கணத்தில் ரோட்டாரின் நுனி மூடியின் உரிய முனைக்கு நேரே நிற்றல் வேண்டும். விலகினால் பொறி அண்டைச் சிலிண்டருக்குத் தாவும். ஆதலின், பழைய மூடியொன்றில் துளையிட்டு, டைமிங் விளக்கின் ஒளியில் அந்நுனியைக் கண்ணாலேயே பார்த்து நேர்செய்கின்றனர்.