தேருநர் இடாப்பு: வன்னிப் பெருநிலம்

வாக்களிக்கத் தகுதியுடையவர்களின் பெயர்களை முகவரி வாரியாகப் பதிந்து வைக்கும் அரச ஆவணம் தேருநர் இடாப்பு. பேச்சுவழக்கில் ‘வோட்டர் லிஸ்ட்’. நிலையான வீட்டில் நிலையாக வாழும் குடும்பத்தை எண்ணியே இது வகுக்கப்பட்டது. அப்படி வாழ முடியாதுபோன மக்கள் அதிகமாய் இருந்த வன்னியில், இதன் வரலாறு மற்றைய மாவட்டங்களிலிருந்து வேறுபடுகிறது.

ஆனையிறவு வன்னியின் வடவாசல். அதன் தெற்கே விரியும் கிளிநொச்சி, 1984 வரை யாழ்ப்பாண மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. தனி நிருவாக மாவட்டமாகப் பிரிந்த பின்னும் பாராளுமன்ற, ஜனாதிபதித் தேர்தல்களில் அது யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்திலேயே நிற்கிறது. முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மூன்றும் சேர்ந்தது வன்னித் தேர்தல் மாவட்டம். பக்கத்துப் பக்கத்து ஊரவரான கிளிநொச்சிக்காரரும் முல்லைத்தீவுக்காரரும் பாராளுமன்றத் தேர்தலில் ஒரே வேட்பாளருக்கு வாக்களிக்க முடியாதது இதனாலேயே.

தொடக்க காலம். சர்வசன வாக்குரிமை 1931இல் வந்தது. அவ்வாண்டுத் தேர்தலை யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரித்ததால் குடாநாட்டின் 4 தொகுதிகள் வெறுமையாயின. சோல்பரி ஏற்பாட்டில் 75,000 பேருக்கு ஓர் ஆசனம் என்பதோடு, 1,000 சதுர மைலுக்கு ஒரு மேலதிக ஆசனமும் கணக்கிடப்பட்டது. ஆள் குறைந்து காடு மிகுந்த பகுதிகளுக்கு இது அனுகூலமாயிற்று. வாக்களிக்கும் வயது 21இலிருந்து 18 ஆனது 1959இல்.

மலையகத்திலிருந்து வந்தோர். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தமும் தோட்டத் தொழிலாளரை இடாப்பிலிருந்து நீக்கின. 1958, 1977 வன்செயல்களின் பின் அவர்களில் பலர் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறினர். தருமபுரம் போன்ற ஊர்கள் அவர்களின் உழைப்பில் எழுந்தவை. காணியைத் திருத்தி, கிணறு வெட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியவர்களிடம் வாக்கு மட்டும் இல்லாதிருந்தது. எஞ்சியோருக்கும் பிரசாவுரிமை தந்த சட்டம் 2003இலேயே நிறைவேறியது.

பதிவு நடைமுறை. 1980ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டப்படி யூன் 1ஆம் திகதி ஒருவர் எங்கே வதிந்தாரோ அங்கே பெயர் பதியப்பட்டு வந்தது. கிராம அலுவலர் பீ.சி. எனப்படும் பதிவுப் படிவத்தை வீடு வீடாகக் கொண்டுபோவார். பிரதான குடியிருப்பாளர் வீட்டிலுள்ள தகுதியானவர்களின் பெயர்களை நிரப்பிக் கையொப்பமிடுவார். பின்னர் பட்டியல் மக்கள் பார்வைக்கு வைக்கப்படும். விடுபட்டவர் உரிமை கோரலாம், பிழையாகச் சேர்க்கப்பட்ட பெயருக்கு ஆட்சேபம் தெரிவிக்கலாம். ஒரு தாள், ஒரு வீட்டு இலக்கம், ஒரு கையொப்பம்: இவ்வளவுதான். ஒரே ஆண்டில் பல இடம் பெயர்ந்து, தறப்பாளின் கீழ் வாழ்ந்த குடும்பத்துக்கு இந்த எளிய தாள்தான் எட்டாமற் போனது.

போர்க்காலம் (1990–2009). 1994 பாராளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் நூற்றுக்கு மூவர்கூட வாக்களிக்கவில்லை. 10,744 வாக்குகள் பெற்ற ஈழ மக்கள் சனநாயகக் கட்சிக்கு அங்கிருந்த 10 ஆசனங்களில் 9 கிடைத்தன.

2000 ஏப்ரலில் ஆனையிறவுப் படைத்தளம் விடுதலைப் புலிகளிடம் வீழ்ந்தது. புலிகளின் பகுதியில் வாக்களிப்பு நிலையம் அமைக்க முடியாததால், அங்குள்ளோருக்காக அரச கட்டுப்பாட்டுப் பகுதியின் விளிம்பில் கொத்தணி வாக்களிப்பு நிலையங்கள் ஒழுங்கு செய்யப்பட்டன. 2001 டிசம்பர் 5ஆம் திகதி, வாக்களிப்பு நாளன்று, இராணுவம் நுழைவிடங்களை மூடிவிட்டது. இடாப்பில் பெயர் இருந்தது, பெட்டியும் இருந்தது, இடையிலிருந்த பாதை மூடியிருந்தது. வன்னி வாக்காளர் தொடுத்த வழக்கில், இது சமத்துவத்துக்கும் கருத்து வெளிப்பாட்டுக்குமான அடிப்படை உரிமைகளை மீறியது என்று உயர் நீதிமன்றம் 2003இல் தீர்ப்பளித்தது. வாக்களிப்பதும் கருத்து வெளிப்பாடே என்று அதே நீதிமன்றம் 1999இல் கூறியிருந்தது. வன்னியின் வாக்குரிமை வரலாற்றில் மிகுந்த மதிப்புக்குரிய ஆவணம் 2003ஆம் ஆண்டுத் தீர்ப்பு.

போர்நிறுத்தத்தின் பின் வந்த 2004 தேர்தலில் மக்கள் கட்டுப்பாட்டு எல்லையைக் கடந்துபோய் வாக்களித்தனர். 2005 நவம்பர் 17 ஜனாதிபதித் தேர்தலில் நிலைமை தலைகீழானது. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் பதிவான 7,01,938 பேரில் 8,524 பேரே வாக்களித்தனர். கிளிநொச்சித் தொகுதியில் விழுந்தது ஒரேயொரு வாக்கு. நாடளாவிய வெற்றி வித்தியாசம் 1,80,786 மட்டுமே. வாக்களியாதிருந்த இந்தப் பகிஷ்கரிப்பு மக்கள் மனமுவந்து ஏற்றதா, புலிகளின் அச்சுறுத்தலால் விளைந்ததா என்பதில் எழுதியோர் உடன்படவில்லை. கண்காணிப்பாளர் பலர் இரண்டாவதையே வலியுறுத்தினர். இதற்காகப் பணம் கைமாறியது என்ற குற்றச்சாட்டும் எழுந்தது, மறுக்கவும் பட்டது.

போருக்குப் பின். ஆனையிறவு 2009 யனவரியில் அரசின் வசமானது. 2010இல் 7,21,359 ஆக இருந்த யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் வாக்காளர் தொகை 2015இல் 5,29,239 ஆயிற்று. இறந்தோர், புலம்பெயர்ந்தோர் பெயர்கள் நீங்கியதே காரணம் என்பது ஒரு கருத்து. முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் இருந்தோர் விடுபட்டதும் காரணம் என்பது மற்றொன்று. இரண்டுக்கும் பங்கிருக்கலாம். 1989இல் 11 ஆக இருந்த ஆசனங்கள் 2015இல் 7 ஆகவும் 2024இல் 6 ஆகவும் சுருங்கின.

இடம்பெயர்ந்தோர் பழைய முகவரியிலேயே பதிவுபெற 2013ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் தற்காலிகமாக இடந்தந்தது. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வாழும் முஸ்லிம்களின் பதிவும் இதனுடன் பின்னிப்பிணைந்தது. 2019 நவம்பரில் வாக்களிக்க மன்னார் நோக்கிச் சென்ற அவர்களின் பேருந்துகள் தந்திரிமலைப் பகுதியில் தாக்கப்பட்டன. யூன் 1க்குப் பின் 18 வயதாவோரைத் துணை இடாப்பில் சேர்க்கும் திருத்தம் 2021இல் வந்தது.

தேர்தற் செலவு. 1946ஆம் ஆண்டின் கட்டளையிலிருந்த செலவு வரம்பு விகிதாசார முறையுடன் இல்லாதுபோனது. மீண்டும் வரம்பு விதித்தது 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம். 2024 ஜனாதிபதித் தேர்தலில் வாக்காளர் ஒருவருக்கு 109 ரூபா வீதம் வேட்பாளர் ஒருவரின் உச்சவரம்பு கணக்கிடப்பட்டது. இடாப்பின் எண்ணிக்கையே செலவின் அளவுகோலுமாயிற்று. தேர்தல் முடிவு வெளியானதிலிருந்து வேட்பாளர்கள் 21 நாட்களுக்குள் கணக்கு ஒப்படைக்க வேண்டும்.

மாகாண சபை. வட மாகாண சபைக்கு 2013 செப்டெம்பர் 21இல் தேர்தல் நடந்தது. அதில் கிளிநொச்சி தனி மாவட்டமாக நின்று 4 உறுப்பினரைத் தெரிந்தது. 2017ஆம் ஆண்டின் கலப்புமுறைத் திருத்தத்துக்கான எல்லை நிர்ணய அறிக்கை அடுத்த ஆண்டு பாராளுமன்றத்தில் தோற்றது. சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் ஒத்திவைக்கப்பட்டது.