அவையும் செவியும்

தருமபுரி நகரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறாக விளங்குவது வத்தல்மலை. 3,000 அடிக்கும் மேற்பட்ட உயரமுடையது. பால்சிலம்பு, பெரியூர், சின்னாங்காடு முதலிய சிற்றூர்களில் மலையாளி என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். பெயர் கண்டு மயங்குதல் வேண்டா. இவர்கள் பேசுவது தமிழே. முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர் என்பது இக்குடியினரிடையே வழங்கும் வாய்மொழி மரபு. சாமையும் கேழ்வரகும் விளைந்த நிலத்தில் பிற்காலத்தே காப்பியும் மிளகும் வேர்கொண்டன. தார்ச்சாலை இந்நூற்றாண்டில்தான் மலையேறிற்று. பேருந்து அதற்கும் பின்னரே வந்தது. அதுவரை விளைபொருளைச் சுமந்து கால்நடையாக இறங்குவதும், வேண்டுவன வாங்கிக்கொண்டு அவ்வாறே ஏறுவதும் வழக்கமாக இருந்தன.

இறங்கியவர் கொண்டு ஏறியது உப்பும் துணியும் மட்டுமன்று, கீழ்நாட்டுப் பேச்சும்தான் எனக் கருதுவது தவறாகாது. சந்தை என்பது விற்போர்க்கும் வாங்குவோர்க்கும் மட்டும் உரிய இடமன்று. விற்கவும் வாங்கவும் ஒன்றுமில்லாதவரும் சந்தைக்குப் போவர். இங்கு ஒரு வழக்கு, அங்கு ஒரு வம்பு, புளியமரத்தடியில் மழையைப் பற்றி ஒரு கணிப்பு என்று கூட்டத்துக்குக் கூட்டம் நின்று, வாய் திறவாமல் கேட்டு, நகர்ந்து, மாலையில் நிறைவோடு வீடு திரும்புவர். அவர்க்கு அதனால் வந்த ஊதியம் யாது என்று வினவினால் அவரும் விடை சொல்லார். ஆயினும் அடுத்த வாரமும் போவார்.

தமிழரின் அவைகளைப் பற்றி எழுதப்பட்ட நூல்கள் பல. அவை பெரும்பாலும் பேசினவரின் வரலாறே. சுற்றி நின்று கேட்டவர் ஏன் வந்தனர், எதில் மகிழ்ந்தனர் என்பது ஆராயப்படாமலே கிடக்கின்றது.

வத்தல்மலைக்குக் கீழே விரிந்து கிடக்கும் நிலம் பழைய தகடூர் நாடு. அதியமான் நெடுமான் அஞ்சியின் அவையில் ஔவையார் வீற்றிருந்ததையும், அவன் பொருட்டுத் தொண்டைமானிடம் தூது சென்றதையும் புறநானூறு காட்டுகின்றது. வேந்தர் பாணரோடும் புலவரோடும் கூடியிருந்த பகற்பொழுதை நாளவை என்றும் நாண்மகிழிருக்கை என்றும் சங்கச் சான்றோர் குறித்தனர். ‘மகிழ்’ என்னும் சொல் அங்குக் கள்ளையும் குறிக்கும் என்பர்; கள்ளோடு சொல்லும் பரிமாறப்பட்டது என்பதில் ஐயமில்லை. பெருஞ்சேரல் இரும்பொறை தகடூரை அழித்த போரைப் பாடிய தகடூர் யாத்திரை முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. புறத்திரட்டிலும் உரையாசிரியர் மேற்கோள்களிலும் எஞ்சிய செய்யுள்களே உள்ளன. பாடினோர் மறைந்த பின்னரும் அச்செய்யுள்கள் பிழைத்தன என்றால், கேட்டும் கற்றும் உளங்கொண்டவர் வழிவழியாக இருந்தனர் என்பதே காரணம்.

கேட்போனுக்குத் தமிழ் மரபு கொடுத்த உயர்வை இறையனார் களவியல் உரையிற் காணலாம். ஏறத்தாழ 8 ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்பெறும் அவ்வுரையின் முற்பகுதி கூறும் கதை யாவரும் அறிந்ததே. அதனை அப்படியே வரலாறாகக் கொள்ள இயலாது. ஆனால் ஒரு சமுதாயம் தன் அவையைப் பற்றி என்ன எண்ணியது என்பதற்கு அது நேர்ச்சான்று. அறுபது நூற்பாக்களுக்குச் சங்கப் புலவர் பலரும் உரை கண்டு, தத்தம் உரையே மெய்யுரை என்று வழக்கிட்டனர். தீர்ப்புச் சொல்ல வந்தவன் மற்றொரு பெரும்புலவன் அல்லன்; உப்பூரிகுடிகிழார் மகன் உருத்திரசன்மன் என்னும் ஐந்து வயதுச் சிறுவன். அவனோ பேச்சற்றவன்! ஒவ்வொருவர் உரையையும் அவன் வாளா கேட்டிருந்தான். மதுரை மருதனிளநாகனார் உரைத்தபோது சிற்சில இடங்களில் கண்ணீர் வார்ந்து மெய்ம்மயிர் சிலிர்த்தான். நக்கீரர் உரைத்தபோது சொல்தோறும் அவ்வாறாயினான். வழக்கு முடிந்தது.

ஒரு பேரவையின் பூசலைத் தீர்க்க, வாதிட இயலாத ஒருவனின் கண்ணீர் போதுமாயிற்று என்னும் இக்கருத்து வியக்கத்தக்கது. வெல்ல வேண்டும் என்னும் விருப்பம் அவனுக்கு இல்லை. வெல்லும் வாயும் இல்லை. பேசும் பொறுப்பு இல்லாமையே அவன் செவியைத் தூயதாக்கிற்று. பிறர் சொற்போரை ஓரமாக நின்று கேட்பதில் மனிதர் காணும் இன்பத்தின் வேர் இவ்விடத்தேதான் உள்ளது போலும். தோற்க வேண்டியதில்லை, ஒரு பக்கம் சாய வேண்டியதில்லை, நேற்று மறுத்ததை இன்று உடன்பட்டாலும் ஏன் என்று கேட்பார் இல்லை. அதே உரை, நக்கீரர் தம் மகனுக்கு உரைத்தது தொடங்கி முசிறியாசிரியர் நீலகண்டனார் வரை அவ்வுரை வந்த வழியையும் கூறுகின்றது. அதனை உரைத்தோர் பட்டியல் என்பதினும் கேட்டோர் பட்டியல் என்பதே பொருந்தும். தொல்காப்பியப் பாயிரமும் நூல் செய்தவன் பெயரோடு, அதனை அவையில் கேட்ட அதங்கோட்டாசான் பெயரையும் போற்றி வைத்திருத்தல் இங்கு எண்ணத்தக்கது.

ஆயின், கேட்கும் உரிமை எல்லார்க்கும் திறந்திருந்ததா?

புகாரில் பட்டிமண்டபம் இருந்தது. மகத மன்னன் கொடுத்தது அது என்று சிலப்பதிகாரம் கூறும். வாதஞ்செய்ய வல்லோர் அம்மண்டபம் ஏறுக என இந்திரவிழா அறிவிப்பில் மணிமேகலை கூறும். அதே காப்பியத்தின் தலைவி வஞ்சி மாநகரில் சமயவாதிகளின் கொள்கைகளைக் கேட்கச் செல்லும்போது தன் உருவத்தோடு செல்லவில்லை. மந்திரத்தால் ஆண் துறவி வடிவம் கொண்டு செல்கின்றாள். இளம்பெண் என்று கண்டால் அவர்கள் தம் கொள்கையை உரையார் என மணிமேகலா தெய்வம் முன்னரே உணர்த்தியிருந்தது. அளவைவாதி தொடங்கிப் பூதவாதி ஈறாகப் பதின்மரைக் கண்டு, ஒவ்வொருவரிடமும் நின் கொள்கை யாது என வினவிக் கேட்டு, அடுத்தவரிடம் நகர்கின்றாள்.

சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதையை மாணவர் பலர் தேர்வுக்கன்றிப் படிப்பதில்லை. கவிதை வறண்ட பகுதி என்று ஒதுக்குவாரும் உளர். அக்குறையை முற்றும் மறுக்க இயலாது. எனினும் காதையின் பெயரை நோக்குக: ‘உரைத்த’ காதை அன்று, ‘கேட்ட’ காதை. பதின்மர் பேசுகின்றனர், தலைமை, கேட்டு நடந்தவளுக்கு. சந்தையிற் கூட்டத்துக்குக் கூட்டம் நின்று நகரும் மனிதனின் மகிழ்ச்சி இவள் நடையிலும் உண்டு. இறுதியில் பூதவாதியின் சொல்லைக் கேட்டு நகைத்து, அவனை மடக்கும் ஒரு வினாவையும் எழுப்புகின்றாள். கேள்வி என்னும் ஒரு சொல்லே செவியால் கொள்வதையும் வாயால் வினவுவதையும் தமிழில் குறித்து நிற்றல் தற்செயலன்று. வள்ளுவரும் கேள்விக்குத் தனி அதிகாரம் வகுத்த பின்னரே அவையறிதலுக்கும் அவையஞ்சாமைக்கும் வருகின்றார்.

மணிமேகலைக்கு மந்திரம் இருந்தது. அது வாய்க்காத பெண்களுக்குக் கதவின் பின்புறம் இருந்தது. ஊர்த்திண்ணைகளில் ஆடவர் பாரதம் படித்தும் அரசியல் பேசியும் இருந்தபோது, உள்வாயிலில் நின்று கேட்ட பெண்டிரை எந்த ஏடும் குறிக்கவில்லை. திண்ணையைத் தமிழரின் பொதுமன்றம் என்று புகழ்வோர், அதில் யார் அமர முடிந்தது, யார் தெருவிலேயே நிற்க நேர்ந்தது என்பதனையும் சேர்த்து எழுதுதல் வேண்டும். சாதியின் எல்லையும் அங்கேதான் மிகத் தெளிவாக வரையப்பட்டிருந்தது.

இருபதாம் நூற்றாண்டில் இவ்வின்பத்திற்குத் தமிழகத்தில் வாய்த்த பெயர்பெற்ற இல்லம், திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் டி. கே. சிதம்பரநாத முதலியாரின் வீடு. அங்குக் கூடிய வட்டத்தொட்டிக்குப் பெயர் ஈந்தது அவ்வீட்டுத் தொட்டிக்கட்டு. டி. கே. சி. அங்கே ஒரு பாடலை ஒருமுறை சொல்வார், மீண்டும் சொல்வார், தாளத்தோடும் இடைவெளியோடும் மூன்றாம் முறையும் சொல்வார். பொருள் விளக்கம் அதற்குப் பின்னரே. கல்கி, பாஸ்கரத் தொண்டைமான், நீதிபதி மகராஜன் முதலியோர் அவ்வட்டத்தின் அன்பர். பின்னாளில் அது குற்றாலத்திலும் தொடர்ந்தது. வர இயலாதவர்க்கு அவருடைய கடிதங்கள் சென்றன.

1954 இல் மறைந்த அவரைத் தமிழுலகம் கவிமணி என்றோ நாவலர் என்றோ அழைக்கவில்லை, ரசிகமணி என்றது. கேட்டு மகிழ்வதையே ஒருவரின் புகழாக ஒப்புக்கொண்ட அரிய நிகழ்ச்சி இது. குறையும் கூறவேண்டும். ஒரு மையத்தைச் சுற்றி அமையும் வட்டத்தில், மையத்தின் சுவையே அனைவரின் சுவையாகிவிடும். கம்பன் பாடல்களுள் பலவற்றை இடைச்செருகல் என்று அவர் தள்ளியதும், சில இடங்களில் பாடத்தைத் திருத்தியதும் அறிஞர்களின் கடும் மறுப்பைப் பெற்றன. அம்மறுப்பு வட்டத்திற்கு வெளியிலிருந்து வந்தது என்பதைக் கவிஞர்கள் கருத்திற்கொள்ளுதல் நலம். உருத்திரசன்மன் எல்லார் உரையையும் கேட்டவன். ஒருவர் உரையை மட்டும் கேட்டிருந்தால் அவன் கண்ணீருக்கு மதிப்பேது?

மணிக்கொடியும், 1959 இல் சி. சு. செல்லப்பா தொடங்கிய எழுத்தும் அச்சில் அமைந்த வட்டங்களே. புதுக்கவிதை கவிதைதானா என்னும் பூசலை ஒரு வரியும் எழுதாமல் இதழ்தோறும் தொடர்ந்து படித்தவர்களிலிருந்தே அடுத்த தலைமுறைக் கவிஞர் சிலர் எழுந்தனர்.

தகடூர் நிலத்திற்கே உரிய அவை ஒன்று இன்றும் உயிரோடுள்ளது. தருமபுரி மாவட்டத்து ஊர்களில் திரௌபதியம்மன் விழாவையொட்டிப் பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் தெருக்கூத்தும் நாட்கணக்கில் நடைபெற்றுப் படுகளத்தில் நிறைவுறும். கூத்தின் கட்டியங்காரன் செய்வது யாது? அரசன் வந்ததும் நீ யார் என்று வினவுகின்றான். புரியாதது போல் நடித்து மறுபடியும் சொல்லச் செய்கின்றான். சூதாட்டத்தின் நடுவே ஊர்க்கதையை நுழைக்கின்றான். திடலில் அமர்ந்திருப்போர் மனத்தில் எழும் வினாவை அவர்கள் சார்பில் எழுப்புபவன் அவன். பேசாத கூட்டம் தனக்கென ஒரு வாயைப் படைத்து மேடையேற்றியிருக்கின்றது.

மலையாளிப் பழங்குடியினர்க்கும் ஊர்த்தலைவரும் ஊர்க்கூட்டமும் உண்டு. எட்கர் தர்ஸ்டன் 1909 இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் இக்குடியினரைப் பற்றிய குறிப்புகள் உள்ளன. மணமுறை, தலைவர்களின் பட்டங்கள், வழிபாடு ஆகியன அங்கே அடுக்கப்பட்டுள்ளன. வினவியவர் அதிகாரிகள், விடை கூறியவர் மலைவாழ் மக்கள் என்னும் முறையில் அமைந்த நூல் அது. மலையூர்க் கூட்டத்தில் வழக்கு நடந்த இரவில் யார் எதனைச் சொன்னார், யார் சிரித்தார், கூட்டத்தின் விளிம்பில் நின்ற கிழவி எதைக் கேட்டுத் தலையசைத்தாள் என்பன அதில் இல்லை.

இலக்கிய வட்டங்களின் நிகழ்ச்சிக் குறிப்பேடுகளும் பெரும்பாலும் அவ்வாறே. தலைமை, வரவேற்பு, கவிதை வாசித்தோர், நன்றியுரை எனப் பெயர்கள் நிரம்பியிருக்கும். கடைசி வரிசையில் அமர்ந்து கேட்டு, மலைக்குச் செல்லும் பேருந்தைப் பிடிப்பதற்காக நன்றியுரைக்கு முன்பே ஓசையின்றி எழுந்து செல்பவரின் பெயருக்கு அவ்வேட்டில் கட்டம் இடப்படுவதில்லை.