சம்பளப் பட்டியலில் துப்புரவாளர்

எங்க அப்பாவுக்கு ஆஸ்பத்திரிச் சம்பளப் பட்டியல்ல இருந்த பேரு துப்புரவுப் பணியாளர். ஆனா முப்பது வருசத்துல அவரு வெளக்கமாத்தைப் புடிச்சது கொஞ்ச நாள்தான். மீதி நாளெல்லாம் பிணவறை. நாத்தம் தெரியாம இருக்க காலையிலேயே கொஞ்சம் ஊத்திக்கிட்டுத்தான் உள்ளே போவார். கத்தி, உளி, சுத்தியல், கோணி ஊசி, தடித்த நூல். இவ்வளவுதான் அவரோட சாமான். நெஞ்செலும்பைப் பிளந்து திறப்பார். விஷம் குடிச்ச கேஸ் என்றால் இரைப்பையை ரெண்டு பக்கமும் நூலால் கட்டி அறுத்தெடுப்பார். கல்லீரலில் ஒரு துண்டு, சிறுநீரகத்தில் ஒரு துண்டு. எல்லாத்தையும் உப்புக் கரைசல் ஊத்தின பாட்டிலில் போட்டு மூடுவார். டாக்டர் வாசல் பக்கம் மூக்கில் கைக்குட்டையோடு நிற்பார்.

“என்னப்பா இருக்கு?”

“இடது பக்கம் மூணாவது நாலாவது எலும்பு முறிஞ்சிருக்கு சார். உள்ள ரத்தம் கட்டி நிக்குது.”

அவர் எழுதிக்கொள்வார்.

நான் படித்து ஒரு வேலைக்கு வந்தபிறகு அப்படிப்பட்ட அறிக்கை ஒன்றின் நகல் என் கைக்கு வந்தது. ஆங்கிலத்தில் இருந்தது. தமிழில் சொன்னால், மார்புக்கூடு திறக்கப்பட்டது, இரைப்பை அகற்றப்பட்டது, பாதுகாக்கப்பட்டது. யார் திறந்தது? யார் அகற்றியது? ‘பட்டது’ என்று முடிகிற வாக்கியத்துக்கு ஆளே தேவையில்லை. கீழே டாக்டரின் கையெழுத்து மட்டும் இருந்தது. பள்ளிக்கூடத்தில் செயப்பாட்டு வினை என்று சொல்லிக்கொடுத்தார்களே, அது இலக்கணம் மட்டும் அல்ல என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இன்னொரு துப்புரவாளரைப் பற்றிச் சொல்லத்தான் இதை ஆரம்பித்தேன். அவர் பெயர் விவியன் தாமஸ். அமெரிக்கக் கறுப்பர். 1910-ல் லூசியானாவில் பிறந்து டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரத்தில் வளர்ந்தவர். அப்பா தச்சர், இவரும் தச்சு வேலை பழகியவர். டாக்டருக்குப் படிக்கணும் என்று காசு சேர்த்துவைத்திருந்தார். 1929-ல் அமெரிக்கப் பொருளாதாரம் சரிந்தது. அதைத் தொடர்ந்து பணம் போட்டிருந்த வங்கி மூடப்பட்டது. சேர்த்த காசும் போச்சு, படிப்பும் போச்சு.

1930-ல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஆல்பிரெட் பிளேலாக் என்ற வெள்ளை அறுவை மருத்துவரின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளாகச் சேர்ந்தார். நாய்களுக்கு மயக்கம் கொடுப்பது, அறுப்பது, ரத்தக்குழாயைத் தைப்பது, ரத்த அழுத்தத்தை அளந்து எழுதுவது என்று எல்லாவற்றையும் கற்றுக்கொண்டார். கொஞ்ச காலத்தில் சோதனைகளைத் தானே செய்தார். அப்புறம்தான் சம்பளப் பட்டியலில் தன்னை என்னவென்று போட்டிருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியவந்தது. துப்புரவாளர். இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கேயோ கடல் தாண்டி இருக்கிற மனுசனுக்கும் எங்க அப்பாவுக்கும் ஒரே பேரை எழுதியிருக்கானுங்க.

ஒன்றைச் சொல்லணும். தாமஸ் தலையைக் குனிந்துகொண்டு போன ஆள் இல்லை. வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே ஏதோ ஒரு தவறுக்காக பிளேலாக் கெட்ட வார்த்தையில் கத்தினார். தாமஸ் நேராக அவர் அறைக்குப் போனார். இப்படிப் பேசுவதாக இருந்தால் நான் போகிறேன், இதைக் கேட்கிற மாதிரி என்னை வளர்க்கவில்லை என்று சொல்லிவிட்டார். பிளேலாக் மன்னிப்புக் கேட்டார். துப்புரவாளர் என்று எழுதியதையும் தாமஸ் கேள்வி கேட்டார், சம்பளம் ஏறியது.

அந்தக் காலத்தில் பெரிய அடிபட்டவர்கள் அதிர்ச்சி நிலைக்குப் போய் ஏன் சாகிறார்கள் என்பதற்குச் சரியான பதில் இல்லை. நசுங்கிய சதையிலிருந்து ஏதோ நஞ்சு பரவுகிறது என்று பலர் நம்பினார்கள். அடிபட்ட இடத்தில் ரத்தமும் நீரும் வெளியேறிப்போவதுதான் காரணம், திரும்ப ஊற்றினால் பிழைப்பார்கள் என்று பிளேலாக்கும் தாமஸும் செய்த சோதனைகள் காட்டின. இரண்டாம் உலகப் போரில் எத்தனையோ சிப்பாய்களின் உயிரைக் காப்பாற்றிய அறிவு இது.

1941-ல் பிளேலாக் பால்டிமோரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கு அறுவைத் துறைத் தலைவராகப் போனார். தாமஸையும் கூட்டிக்கொண்டுதான் போனார். அங்கே கறுப்பருக்குத் தனிக் கழிப்பறை. வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு ஒரு கறுப்பர் நடைபாதையில் போனால் எல்லாத் தலையும் திரும்பும்.

ஹெலன் டாசிக் என்ற குழந்தை இதய மருத்துவர் அங்கே இருந்தார். நீலக் குழந்தைகளைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்தவர். பிறவியிலேயே இதயத்தின் கீழறைகளுக்கு நடுவில் ஓட்டை. நுரையீரலுக்குப் போகும் பாதையும் குறுகல். ரத்தம் போதிய அளவு நுரையீரலுக்குப் போகாமல் கறுத்தபடியே உடம்பைச் சுற்றும். உதடு நீலம், நகம் நீலம். நாலடி நடந்தால் குந்திவிடும் குழந்தை. குழாய் வேலை செய்கிறவர் தண்ணீர்க் குழாயை மாற்றிவிடுகிற மாதிரி நுரையீரலுக்குக் கூடுதலாக ரத்தம் போக ஒரு வழி செய்ய முடியாதா என்பது டாசிக் கேட்ட கேள்வி.

பதில் கைவசம் இருந்தது. கைக்குப் போகும் தமனியை வெட்டி நுரையீரல் தமனியோடு இணைக்கிற தையலை 1938-ல் நாஷ்வில்லில் வேறொரு ஆராய்ச்சிக்காகச் செய்துபார்த்திருந்தார்கள். அந்த ஆராய்ச்சி எதிர்பார்த்த முடிவைத் தரவில்லை. தோற்ற அந்தத் தையல்தான் இப்போது உதவியது. நாய்களில் முதலில் அந்த நோயை உண்டாக்கணும், அப்புறம் தைத்துச் சரிசெய்யணும். ஏறக்குறைய இரண்டு வருசம், சுமார் இருநூறு நாய்கள். செய்தவர் தாமஸ். குழந்தையின் மெல்லிய குழாய்க்கு ஏற்ற ஊசி கடையில் இல்லை. இருந்த ஊசிகளை நறுக்கித் தீட்டித் தானே தயாரித்தார். தச்சன் கை இல்லையா.

1944 நவம்பர் 29. ஒன்றரை வயதுகூட நிரம்பாத பெண் குழந்தை. எடை நாலு கிலோ சுமார். கத்தியைப் பிடித்தவர் பிளேலாக். அவருடைய வலது தோளுக்குப் பின்னால் ஒரு முக்காலியைப் போட்டு அதன்மேல் நின்றவர் தாமஸ். இந்த அறுவையை நாய்களுக்குத் திரும்பத் திரும்பச் செய்து பழகிய கை அந்த அறையில் தாமஸுடையதுதான். பிளேலாக் கேட்கக் கேட்க இவர் சொன்னார். அந்தக் குழந்தை சில மாதங்களே வாழ்ந்தது. ஆனால் வழி திறந்துவிட்டது. பின்னால் உலகம் முழுக்க இருந்து நீலக் குழந்தைகள் பால்டிமோருக்கு வந்தார்கள், உதடு சிவந்து திரும்பிப் போனார்கள்.

1945-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் கட்டுரை வந்தது. எழுதியவர்கள் பிளேலாக், டாசிக். தாமஸின் பெயர் அதில் இல்லை. அறுவைக்கும் அவர்கள் இருவர் பெயர்தான் நிலைத்தது. பிளேலாக் வீட்டு விருந்துகளில் தாமஸ் மது ஊற்றிக் கொடுக்கும் வேலையும் செய்தார், கூடுதல் காசுக்காக. பகலில் அவரிடம் தையல் கற்ற இளம் டாக்டர்களுக்கு சாயங்காலம் அவரே கோப்பை நீட்டணும்.

1946-ல் அம்பேத்கர் அமெரிக்கக் கறுப்பர்களின் அறிஞரான டு போய்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். கறுப்பர்கள் ஐக்கிய நாடுகள் சபைக்குக் கொடுத்த மனுவின் நகலைக் கேட்டு, நம் மக்களின் நிலையும் அவர்கள் நிலையும் ஒத்திருப்பதைச் சொல்லி. அதே வருசங்களில்தான் பால்டிமோரில் ஒரு கறுப்பர் முக்காலிமேல் நின்றுகொண்டிருந்தார்.

நெஞ்சுக்கு இந்தக் கதை என்றால் வயிற்றுக்கு வேறொரு கதை. 1822 ஜூன் 6, மாக்கினாக் தீவு. தோல் வியாபாரக் கம்பெனிக்குப் படகு வலிக்கும் கூலி அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின். பிரெஞ்சு பேசும் கனடாக்காரர், எழுதப் படிக்கத் தெரியாதவர். பக்கத்தில் இருந்த துப்பாக்கி தவறுதலாக வெடித்து இடது மார்புக்குக் கீழே கிழித்துவிட்டது. நுரையீரலில் ஒரு பகுதியும் இரைப்பையும் வெளியே தெரிந்தன. ராணுவ மருத்துவர் வில்லியம் போமாண்ட் காப்பாற்றினார். ஆனால் வயிற்றின் ஓட்டை மூடவில்லை.

போமாண்ட் அவரைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் வைத்துக்கொண்டார். விறகு வெட்டவும் எடுபிடிக்கும் ஆளாச்சு, ஆராய்ச்சிக்கும் ஆளாச்சு. 1825-லிருந்து மாட்டுக்கறி, பன்றிக்கறி, ரொட்டி, கோஸ் இவற்றைப் பட்டு நூலில் கட்டி ஓட்டை வழியாக இறக்குவார். கொஞ்ச நேரம் கழித்து இழுத்துப் பார்ப்பார். 1832-ல் ஒப்பந்தம் போட்டார்கள். வருசத்துக்கு 150 டாலர், சோறு, துணி, தங்க இடம். எழுதத் தெரியாதவர் பெருக்கல் குறி போட்டார். 1833-ல் போமாண்ட் புத்தகம் வெளியிட்டார். உள்ளே 238 சோதனைகள். வயிறு வெறுமனே அரைக்கிற உரல் இல்லை, அதில் சுரக்கும் அமிலநீர்தான் சோற்றைக் கரைக்கிறது என்று உலகம் அதிலிருந்து தெரிந்துகொண்டது. அந்த ஆளுக்குக் கோபம் வந்தால் செரிமானம் கெடுகிறது என்றும் போமாண்ட் குறித்திருக்கிறார். கோபத்தின் விளைவு ஆராய்ச்சி. கோபத்தின் காரணம் ஆராய்ச்சி இல்லை.

1834-க்குப் பிறகு செயின்ட் மார்ட்டின் திரும்பவே இல்லை. எவ்வளவு கடிதம் போட்டும் வரவில்லை. டாக்டருக்குப் பிறகும் இருபத்தேழு வருசம் வாழ்ந்து 1880-ல் இறந்தார். இரைப்பையைக் கேட்டு மருத்துவர்கள் வருவார்கள் என்று குடும்பத்துக்குத் தெரியும். வெயில் காலத்தில் பிணத்தை நாலு நாள் அழுகவிட்டு, எட்டடி ஆழத்தில் புதைத்துக் கல்லை வைத்தார்கள். ஏழை சனங்களுக்குத் தெரிந்த காப்புரிமை அதுதான்.

இப்போது நம்ம பக்கம் வருவோம். 1836-ல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா என்ற வைத்திய சாதிப் பண்டிதர் பிணத்தை அறுத்தார். பிணத்தைத் தொட்டால் தீட்டு என்ற சாத்திரத்தை உடைத்த பெரிய புரட்சி என்று வரலாற்றுப் புத்தகம் சொல்கிறது. அதற்குத் துப்பாக்கி மரியாதை நடந்ததாகவும் சொல்கிறார்கள். சரி, உடைத்தார். ஆனால் அதற்கு முன்னாலும் பின்னாலும் பிணத்தைத் தூக்கினவன், கழுவினவன், எரிச்சவன், புதைச்சவன் யாரு? வங்காளத்தில் பிணவறை வேலைக்கு ‘டோம்’ என்ற சாதிப் பேரே வேலைப் பேராக வழங்கி வந்தது. உயர்ந்த சாதிக்காரன் ஒருநாள் தொட்டால் அது வரலாறு. நாம தலைமுறை தலைமுறையாத் தொட்டால் அது குலத்தொழில்.

தாமஸின் கதையும் நம்ம கதையும் பிரிகிற இடம் இதுதான். அங்கே வேலைக்கு மதிப்பு இருந்தது, பேரைத்தான் மறைத்தார்கள். அதனால் மறைத்த பேரைத் திரும்பக் கேட்க முடிந்தது. அவரிடம் கற்ற அறுவை மருத்துவர்கள் சேர்ந்து வரையச்செய்த அவர் படம் 1971-ல் ஹாப்கின்ஸுக்கு அளிக்கப்பட்டது. 1976-ல் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. அதுவும் மருத்துவத்தில் இல்லை, சட்டத்தில். தன் வாழ்க்கையை எழுதினார், 1985 நவம்பரில் இறந்தார், புத்தகம் அந்தச் சமயத்தில்தான் வெளிவந்தது. 2004-ல் அவரைப் பற்றிச் சினிமா வந்தது. இன்று அந்த அறுவையைப் பிளேலாக்-தாமஸ்-டாசிக் இணைப்பு என்று பலர் எழுதுகிறார்கள். தாமதம்தான், ஆனாலும் வந்தது.

இங்கே வேலையையே அருவருப்பாக்கிவிட்டான். அருவருப்பான வேலைக்கு எவன் உரிமை கேட்பான்? பேரைத் திருடவேண்டிய அவசியமே இல்லை, நாமே மறைத்துக்கொள்கிறோம்.

அப்பா ஓய்வு பெற்றபிறகு ஒருநாள் தாமஸின் கதையை அவருக்குச் சொன்னேன். நாய்க்குத் தைத்தது, முக்காலி, துப்புரவாளர் என்று போட்டிருந்தது, எல்லாம். கையைப் பார்த்துக்கிட்டே கேட்டார். ரொம்ப நேரம் கழிச்சு, “படிக்க வந்த பசங்களுக்கு நானும் காட்டிக் குடுத்திருக்கேன்டா. எங்க அறுத்தா சுளுவா தெறக்கும்னு. இப்ப எங்கெங்கயோ பெரிய டாக்டருங்களா இருப்பானுங்க” என்றார். அவரு தன் வேலையைப் பற்றிப் பெருமையாப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

“உன்னப் பத்தி எழுதட்டுமாப்பா?”

“எழுது. பேரப் போட்டுறாத. ஒம் புள்ளைங்களப் பொணம் அறுத்தவன் பேரப் புள்ளைங்கன்னு சொல்லுவானுங்க.”

அதனால்தான் இந்தக் கட்டுரையில் விவியன் தாமஸின் பெயர் இருக்கிறது, எங்க அப்பா பெயர் இல்லை. அவர் இப்போது இல்லை. வாக்கு இருக்கிறது. அதை மீற எனக்கு உரிமை உண்டா என்று இன்னும் தெரியவில்லை.

ஆனா ஒண்ணு கேக்கறேன். பிணவறையில், பிரசவ வார்டில், ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த அப்பாக்களும் அம்மாக்களும் உங்க வீட்டிலும் இருப்பாங்க. அவுங்க உயிரோட இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்க. என்ன தெரியும், யாருக்குக் கத்துக்குடுத்தீங்கன்னு கேட்டு எழுதுங்க. பேரைப் போடலாமான்னும் கேளுங்க. முடிஞ்சா சம்மதம் வாங்குங்க. எழுதும்போது ‘திறக்கப்பட்டது’ன்னு எழுதாதீங்க. திறந்தார் என்று எழுதுங்க.